மறைக்கத் தகாத நோய்



நோயாளியைப் பற்றிய மார்க்கச் சட்டங்களைச் சிறு வயதிலிருந்தே படித்து வருகிறோம். தண்ணீர் தீங்கு செய்யுமானால் தயம்மும் செய்யலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். நோன்பு பிடிக்க இயலாதவர் பின்னர் களாச் செய்யலாம். இவையெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் நோய் வந்ததைக் காலத்தோடு வெளியே சொல்வதும், சொன்னவளுக்குத் துணை நிற்பதும் மார்க்கப் பாடங்களே என்பதை நாம் போதிய அளவு படிக்கவில்லை. பெண்களின் மார்பில் வரும் புற்றுநோய் விஷயத்தில் இந்தக் குறை உயிரையே கொண்டு போய்விடுகிறது. ஆகவே இம்மாதப் பாடமாக அதனை எடுத்துக்கொள்கிறோம். ஆண்களும் இதைப் படிக்க வேண்டும். படிக்க இயலாத உம்மாமார்களுக்கும் நன்னிமார்களுக்கும் பெண்மக்கள் படித்துக் காட்ட வேண்டும்.

ஒரு மலை, இரண்டு பயணம்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று சங்க நூல்களால் அறியப்பட்டது. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் பூமி. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அடிவாரத்துக் காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே போக வேண்டும். வியாபார நிமித்தமாகவோ சுற்றிப் பார்க்கவோ போய்வந்த வாசகர்களும் இருப்பீர்கள்.

அந்தச் சாலையில் நோயை முன்னிட்டு இரண்டு விதமான பயணங்கள் நடக்கின்றன. கீழே உள்ளவர்கள் மூலிகை தேடி மேலே போகிறார்கள். கொல்லிமலை மூலிகை என்றால் தீராத நோயும் தீரும் என்ற பெயர் நாடெங்கும் பரவியிருக்கிறது. மேலே உள்ளவர்களோ, நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியவேண்டுமானால், மூலிகையை விட்டுவிட்டு நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இறங்கி வரவேண்டியிருக்கிறது. மார்பில் கட்டி கண்ட ஒரு மலைப் பெண் பெரிய மருத்துவமனைக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டையும் கைக்குழந்தையையும் ஆடு மாடுகளையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். மிளகு பறித்து முடியட்டும், பண்டிகை கழியட்டும் என்று நாட்கள் மாதங்களாகிவிடும். அவளுடைய தாமதத்துக்கு நியாயமான காரணம் உண்டு.

ஆனால் மருத்துவமனையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நம் வீட்டுப் பெண்ணும் அதே அளவு தாமதிக்கிறாளே, அதற்குக் காரணம் என்ன? மலைப் பெண்ணுக்கு 70 வளைவுகள் சாலையில் இருக்கின்றன. நம் பெண்ணுக்கு அவை மனத்தில் இருக்கின்றன. ‘ஆண் டாக்டர் பார்ப்பாரே’ என்பது ஒரு வளைவு. ‘மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோமே’ என்பது மற்றொன்று. ‘கணவர் என்ன நினைப்பாரோ’ என்பது இன்னொன்று. ‘வலிக்கவில்லையே, தானாகக் கரைந்துவிடும்’ என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான வளைவு. இந்த வளைவுகளை ஒவ்வொன்றாகக் கடப்பதே இன்றையப் பாடம்.

நோயின் தன்மை

நம் உடல் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது. அவை ஓர் ஒழுங்கோடு வளர்ந்து, தேய்ந்து, புதுப்பிக்கப்படுகின்றன. எங்கேனும் சில அணுக்கள் அந்த ஒழுங்கை மீறிக் கட்டுப்பாடின்றிப் பெருகினால் அது புற்றுநோய். மார்பில் பால் சுரக்கும் பகுதியிலும் பால் வரும் குழாய்களிலும் அது தொடங்குகிறது. தொடக்கத்தில் ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கும். பின்னர் அக்குளில் உள்ள நெறிகளுக்கும், அங்கிருந்து எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கும் பரவும். அடங்கிக் கிடக்கும்போது பிடித்தால் குணப்படுத்த முடியும். பரவிய பின் நோயைக் கட்டுப்படுத்தி ஆயுளை நீட்டலாம். வேரோடு அகற்றுவது கடினம். ஆகவே இந்த நோயில் காலம் என்பது மருந்துக்கு நிகரானது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தார்கள். நம் நாட்டில் அதே ஆண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இது வந்தது. சுமார் 98,000 பேர் மாண்டார்கள். மேலை நாடுகளில் நோய் அதிகம் பேருக்கு வந்தும் சாவு ஒப்பளவில் குறைவாக இருக்கிறது. இங்கே மருத்துவமனைக்கு வரும்போதே நோய் முற்றியிருப்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

யாருக்கு வரும்? பெண்ணாக இருப்பதும், வயது கூடுவதுமே முதன்மையான காரணங்கள். தாய், சகோதரி ஆகியோருக்கு வந்திருப்பது, சிறு வயதிலேயே பருவமடைவது, மாதவிலக்கு மிகத் தாமதமாக நிற்பது, பிள்ளைப்பேறு இல்லாமை அல்லது முதற்பிள்ளை தாமதமாகப் பிறப்பது, மாதவிலக்கு நின்றபின் உடற்பருமன், உடலுழைப்பு இன்மை, மதுப்பழக்கம் ஆகியவை அபாயத்தைக் கூட்டும். ஆனால் நோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெண் என்பதும் வயது என்பதும் தவிர வேறு காரணம் எதுவும் தென்படுவதில்லை. ஆகவே ‘எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை’ என்று இருந்துவிடக் கூடாது. அபூர்வமாக ஆண்களுக்கும் வரும்; நூறு நோயாளிகளில் ஒருவரோ அதற்கும் குறைவாகவோ ஆண்களாக இருப்பர்.

பிள்ளைக்குப் பாலூட்டுவது ஒரு பாதுகாப்பு. 30 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியிட்ட கணக்கில், ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் இந்நோயின் அபாயம் சுமார் 4 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றித் திருமறை பேசுவதை நாம் அறிவோம். எனினும் பாலூட்டிய தாய்க்கு நோய் வரவே வராது என்று பொருள் கொள்ளலாகாது. ஆறு பிள்ளைகளுக்குப் பாலூட்டியவளுக்கும் வரக்கூடும்.

இந்நோய் தொற்றாது. ஒரே தட்டில் உண்பதாலும், கட்டித் தழுவுவதாலும், தாம்பத்திய வாழ்க்கையாலும் பரவாது. கண்ணேறு பட்டதாலோ, யாரோ செய்வினை செய்ததாலோ, முன் செய்த குற்றத்துக்குத் தண்டனையாகவோ வந்தது என்று சொல்லி நோயாளியைப் புண்படுத்துவது பெரும் பாவம். அய்யூப் நபி (அலை) அவர்கள் நோயால் சோதிக்கப்பட்டது குற்றத்துக்காகவா?

அறியவேண்டிய அடையாளங்கள்

பின்வருவனவற்றில் ஏதேனும் ஒன்று கண்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

1. மார்பிலோ அக்குளிலோ கட்டி அல்லது தடிப்பு. பெரும்பாலும் வலி இராது. வலி இல்லை என்பதால் அலட்சியம் செய்யக் கூடாது.
2. ஒரு மார்பின் அளவிலோ வடிவிலோ புதிதாக மாற்றம்.
3. தோல் குழி விழுதல், சுருங்குதல், ஆரஞ்சுப் பழத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகத் தடித்தல், சிவத்தல்.
4. காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல். காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது செதில்.
5. காம்பிலிருந்து இரத்தமோ நிற நீரோ கசிதல்.

இங்கே ஆறுதலான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர்க்கட்டி, நார்க்கட்டி, பால் கட்டிக்கொள்வது என்று பல உண்டு. ஆனால் எது எது என்று கையால் தடவிப் பார்த்து வீட்டில் முடிவு செய்ய இயலாது. படம் எடுத்தும், தேவைப்பட்டால் ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்துமே சொல்ல முடியும். ‘ஊசி பட்டால் நோய் பரவிவிடும்’ என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பேச்சை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நோய் பரவ வழிவிடும்.

ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். பல வகைப் புற்றுநோய்களையும் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அறுவைச் சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது. பெருநாள் கழியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று நாம் சொல்லும் மாதங்களின் விலை இதுதான்.

வெட்கமும் தேவையும்

நாணம் ஈமானின் ஒரு கிளை. அதில் ஐயமில்லை. ஆனால் எந்த நாணம் உயிரைக் காக்கும் கடமையைத் தடுக்கிறதோ அதை ஷரீஅத் கேட்கவில்லை. மருத்துவத்துக்காக உடலைக் காட்டும் விஷயத்தில் நம் இமாம்கள் தெளிவான வரிசை வகுத்திருக்கிறார்கள். தகுதியான பெண் மருத்துவர் கிடைத்தால் அவரிடமே காட்ட வேண்டும். கிடைக்காதபோது ஆண் மருத்துவரிடம் காட்டலாம். அப்போது தேவையான இடத்தை மட்டும், தேவையான அளவு மட்டும் திறக்க வேண்டும். கணவரோ, மஹ்ரமோ, மற்றொரு பெண்ணோ உடன் இருக்க வேண்டும். இது சலுகையை வளைத்துச் சொன்ன சட்டமல்ல. கிதாபுகளில் உள்ள சட்டமே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே, போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்குப் பெண்கள் தண்ணீர் கொடுத்தும் மருந்திட்டும் பணி செய்ததை ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ருஃபைதா (ரலி) என்னும் சஹாபிப் பெண்மணி, அகழ்ப் போரின்போது காயமடைந்த ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பள்ளிவாசலை ஒட்டி அடிக்கப்பட்ட கூடாரத்தில் வைத்துக் கவனித்தார்கள். தேவை வந்தபோது ஆண் பெண் என்பது மருத்துவத்துக்குத் தடையாகவில்லை.

‘விதித்தது நடக்கும்’ என்று சிலர் கை கட்டி இருந்துவிடுகிறார்கள். சிரியாவுக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் என்று கேட்டு, ஆலோசனை செய்து, வழியிலேயே திரும்பினார்கள். இறைவிதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்வதாகவே அவர்கள் விளக்கினார்கள். கட்டி வந்தது விதி என்றால், அதை அகற்றும் மருத்துவர் நம் ஊரில் இருப்பதும் விதிதானே?

மூலிகையின் உண்மை

மூலிகையில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நம் வீட்டு முற்றத்திலும் கபரஸ்தானிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியைப் பாருங்கள். கனடா நாட்டு ஆய்வாளர்கள் அதன் இலையிலிருந்து 1958இல் ஒரு புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அந்த இனத்து மருந்து ஒன்று மார்பகப் புற்றுநோய்க்கும் இன்று பயன்படுகிறது. அமெரிக்காவில் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்சல் என்னும் மருந்து, 1962இல் பட்டை சேகரித்ததில் தொடங்கி, 1994இல்தான் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சோதித்து, நஞ்சு எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று அளந்த பிறகே அந்த அனுமதி கிடைத்தது. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடித்தால் அந்த மருந்து கிடைக்காது, நஞ்சுதான் கிடைக்கும்.

மருத்துவமனைச் சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களைப் பற்றி அமெரிக்காவில் 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. மார்பகப் புற்றுநோயில் அப்படிச் செய்தவர்களின் இறப்பு அபாயம், முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ஆகவே கட்டி கண்ட பெண்ணை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்கு ஏறும் குடும்பத்தாரிடம் நாம் சொல்வது ஒன்றுதான்: மலைக்குப் போய் வாருங்கள், காற்று நல்லது, ஆனால் முதலில் ஊசிப் பரிசோதனை முடியட்டும். அங்கே வாழும் பெண்களே நோயறிய இறங்கி வரும்போது, நாம் ஏறிப் போவதில் என்ன பொருள்? தண்ணீர் ஓதிக் கொடுப்பதையும் துஆச் செய்வதையும் யாரும் தடுக்கவில்லை. சிகிச்சையோடு துஆ சேரட்டும். துஆவைக் காரணம் காட்டிச் சிகிச்சையை விடலாகாது.

கட்டி சிறிதாக இருக்கும்போதே முழுவதும் அறுத்து எடுக்க வேண்டும் என்பது இன்று தோன்றிய கருத்தும் அல்ல. கி.பி. 1013இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, மார்பு போன்ற இடத்தில் தொடக்க நிலையில் உள்ள சிறு கட்டியை முழுமையாக நீக்க முடியுமானால் நீக்கலாம் என்றும், முற்றிப் பெரிதாகிவிட்டதைத் தொடலாகாது என்றும் எழுதிவைத்தார். மயக்க மருந்தில்லாத அந்தக் காலத்தில் அவர் அறிந்திருந்ததை நாம் இன்னும் அறியாமல் இருக்கலாமா?

எங்கே போவது?

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்த கதையை நம் பெண்கள் அறிய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தோடு அவர் ஒடுங்கிவிடவில்லை. முப்பது ஆண்டுகள் விடாது முயன்று, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் 1954இல் அந்த மருத்துவமனையைத் திறந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. பின்னர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் தங்கள் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். ஒரு பெண்ணின் கண்ணீர் எத்தனை வீடுகளுக்கு விளக்கானது என்று எண்ணிப் பாருங்கள். காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இயங்குகிறது.

ஆனால் முதல் அடியிலேயே சென்னைக்குப் போகவேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகத்தையும் கருப்பை வாயையும் சோதிக்கும் ஏற்பாடு உண்டு. சோதிப்பவர் பெரும்பாலும் செவிலியரே. அவரும் ஒரு பெண். அவர் கையால் பார்த்து ஐயம் கண்டால் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்.

கையால் பார்ப்பதில் என்ன பயன் என்று கேட்கலாம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குடிசைப் பகுதிப் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். 20 ஆண்டு முடிவு 2021இல் வந்தது. சோதிக்கப்பட்டவர்களில் நோய் கண்ட நூறு பேரில் 37 பேரே முற்றிய நிலையில் இருந்தார்கள். மற்றப் பிரிவில் 47 பேர். 50 வயது கடந்தவர்களில் இந்நோயால் வரும் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், பயிற்சி பெற்ற பெண்களின் கைகளால் மட்டுமே கிடைத்த பலன் இது. கொல்லிமலை போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்?

தன்னைத் தானே தடவிப் பார்ப்பது போதாதா என்றால், போதாது. சீனாவின் ஷாங்காய் நகரில் 2,66,000 நெசவாலைப் பெண்களை வைத்து நடந்த ஆய்வில், சுயசோதனை கற்றுக்கொண்டதால் மட்டும் சாவு குறையவில்லை என்று 2002இல் தெரிந்தது. ஆகவே குளிக்கும்போது தன் உடலின் இயல்பை ஒரு பெண் அறிந்திருக்கட்டும். மாற்றம் கண்டால் உடனே போகட்டும். மாற்றம் இல்லாவிட்டாலும் செவிலியரிடம் சோதனைக்குப் போவதை விடாதிருக்கட்டும்.

செலவைப் பற்றிய அச்சமும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் தொலைபேசியில் கேட்கலாம்.

சிகிச்சைக் காலத்தில் வணக்கம்

மார்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயமே பலரைத் தடுக்கிறது. தொடக்க நிலையில் கட்டியை மட்டும் அகற்றிப் பின் கதிர்வீச்சுக் கொடுப்பது, முழு மார்பையும் எடுப்பதற்கு நிகராக உயிர் காக்கும் என்பதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் நடந்த நீண்ட ஆய்வுகள் 2002இல் உறுதிசெய்தன. ஆக, சீக்கிரம் போகிறவளுக்கே மார்பைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். நோயின் தன்மைக்கேற்ப ஊசி மருந்தும், பல ஆண்டுகள் சாப்பிடவேண்டிய மாத்திரையும் தருவார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. ஊசி மருந்து ஏறும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவோ பகலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை காத்திருப்பது ஆபத்து.

வணக்க விஷயத்தில் மனக்குழப்பம் வேண்டாம். கட்டின்மீது தண்ணீர் படக் கூடாதென்றால் அதற்குரிய மஸஹும் தயம்மும் சட்டத்தில் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்துச் சைகையாலும் தொழலாம். காயத்திலிருந்து குழாய் வழியே கசிவு இருக்கும்போது ஒளுவின் சட்டத்தை அவரவர் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அதற்காகத் தொழுகையையே விட்டுவிடாதீர்கள். ரமளானில் மருத்துவர் வேண்டாமென்றால் நோன்பை விட்டுப் பின் களாச் செய்யலாம். குணமாகி நோன்பு பிடிக்கும் நம்பிக்கையே இல்லாதவர் ஃபித்யாக் கொடுக்க வேண்டும். மாத்திரை நேரத்தை நோன்புக்காக மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள்.

அகற்றிய மார்புக்குப் பதிலாகச் செயற்கை மார்பு வைத்துக்கொள்ளலாமா என்று சில சகோதரிகள் கேட்க விரும்பிக் கேட்காமல் இருக்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அரஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டார்கள். அது நாற்றம் எடுக்கவே, தங்க மூக்கு வைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆணுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி. இழந்த உறுப்பைச் சீர்செய்வது படைப்பை மாற்றுவதாகாது என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

வீட்டார் கடமை

கணவர்மார்களே! இந்தப் பகுதி உங்களுக்கு. உங்கள் மனைவி இந்நோயைப் பற்றி முதலில் உங்களிடம்தான் சொல்வாள், அல்லது முதலில் உங்களிடமிருந்துதான் மறைப்பாள். இரண்டில் எது நடக்கும் என்பது, இத்தனை ஆண்டுகள் நீங்கள் அவளிடம் நடந்துகொண்ட முறையைப் பொறுத்தது. அவள் சொன்ன வாரத்திலேயே அழைத்துச் செல்லுங்கள். அறுவைக்குப் பின் அவள் கண்ணாடி முன் நிற்க அஞ்சுவாள். முடி உதிர்ந்த தலையை உங்களிடமிருந்தும் முக்காட்டால் மறைப்பாள். அப்போது உங்கள் முகத்தில் அருவருப்பின் சாயல் படிந்தாலும் அது அவளுக்கு இரண்டாவது நோய். உங்கள் பிள்ளைகளை ஊட்டி வளர்த்த மார்பு அது. அதை இழந்தவள் பெண்மையை இழந்தவள் அல்லள். இந்தச் சமயத்தில் தலாக்கைப் பற்றியும் மறுமணத்தைப் பற்றியும் பேசுகிறவன் சட்டத்தைப் பேசுவதாக நினைக்கிறான். மனைவியரிடம் நன்முறையில் நடக்க வேண்டும் என்ற கட்டளையை மறந்துவிட்டான்.

மாமியார்களே! மருமகள் நோய்ப்படுக்கையில் இருக்கும்போது அடுப்படியை நீங்கள் ஏற்றுக்கொள்வது பெரிய ஸதகா. ‘நம் குடும்பத்தில் இல்லாத நோயைக் கொண்டுவந்தாள்’ என்ற சொல் உங்கள் வாயில் வரவேண்டாம்.

பெண்மக்களுக்குச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று நோயை மறைக்கும் வீடுகளுக்கு ஒரு விளக்கம். இந்நோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். பெண் கேட்டு வந்தவர்கள், ‘தாய்க்கு இந்நோயாமே’ என்று திரும்பிப் போனால், அவர்களுடைய அறியாமையால் ஒரு தாய் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறாள். அந்தப் பழியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒழுங்கு இருக்கிறது. நீண்ட நேரம் உட்காராதீர்கள். ‘இன்னாருக்கு இதுவேதான், ஆறு மாதத்தில் போய்விட்டாள்’ என்ற கதை வேண்டாம். ஊசி ஏறிய நாட்களில் சளி இருமலோடு போகாதீர்கள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போவதைவிட, ‘செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன், பிள்ளைகள் என் வீட்டில் இருக்கட்டும்’ என்று சொல்வது மேல்.

ஜமாஅத்தார் செய்ய வேண்டியதும் உண்டு. ஏழை நோயாளி ஜகாத் பெறத் தகுதியுடையவர். சிகிச்சைக்காகக் கடன்பட்டுத் தீர்க்க இயலாதவரும் தகுதியுடையவரே. பைத்துல்மாலில் போக்குவரத்துக்கென்று ஒரு சிறு தொகை ஒதுக்கினாலே பல பெண்கள் பாதியில் நிறுத்தாமல் சிகிச்சையை முடிப்பார்கள். பெண்கள் மதரஸாவில் ஆண்டுக்கொரு நாள் சுகாதாரச் செவிலியரை அழைத்துப் பேசவும் சோதிக்கவும் ஏற்பாடு செய்யலாம். அண்டை அயலார் விஷயத்தில் நம் கடமை மதத்தோடு நின்றுவிடுவதில்லை. அடிவார ஊர்களில் உள்ள நம்மவர்கள், மலையிலிருந்து சிகிச்சைக்கு இறங்கி வரும் ஒரு பெண்ணுக்கு ஓரிரவு தங்க இடமும் ஒரு வேளைச் சோறும் கொடுத்தால், அவளுடைய 70 வளைவுகளில் சிலவற்றையேனும் குறைத்தவர்களாவார்கள்.

பாடச் சுருக்கம்: வினாவும் விடையும்

வினா: கட்டி வலிக்கவில்லை, காத்திருக்கலாமா?
விடை: கூடாது. வலியின்மையே பல சமயம் இந்நோயின் அடையாளம்.

வினா: பெண் மருத்துவர் இல்லை, என்ன செய்வது?
விடை: துணையுடன் ஆண் மருத்துவரிடம் காட்டுவது ஆகும். தேவையான அளவுக்கு மட்டும்.

வினா: ஊசிப் பரிசோதனை நோயைப் பரப்புமா?
விடை: பரப்பாது. நோயை அறியும் வழி அதுவே.

வினா: மூலிகையால் மட்டும் தீர்த்துக்கொள்ளலாமா?
விடை: இல்லை. அதற்குள் நோய் முற்றிவிடும்.

வினா: 30 வயது கடந்தவள், எந்த மாற்றமும் இல்லை, அவள் என்ன செய்ய வேண்டும்?
விடை: அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வினா: இவ்வளவையும் படித்த ஆண் என்ன செய்ய வேண்டும்?
விடை: இந்தப் பக்கத்தை மடித்து வைக்காமல், மனைவியிடமும் தாயிடமும் சகோதரியிடமும் கொடுத்து, ‘எப்போது போகலாம்?’ என்று கேட்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற பெண்கள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.